கத்தரிக்கோல் டாக்டர்

என் அக்காவின் கணவர் இருபத்தேழு வருடமாக ஒரே மருந்துக்கடையில், ஒரே கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நிற்கிறார். நிற்கிறார் என்றால் நிஜமாகவே நிற்பதுதான். கடையில் ஒரு முக்காலி உண்டு, அது முதலாளிக்கு. மருந்துப் படிப்புச் சான்றிதழும் முதலாளியுடையதே, கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. மாமா பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எது எதோடு சேர்ந்தால் வயிற்றைப் புரட்டும், எதை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

தெருவில் அவருக்குப் பெயர் கத்தரிக்கோல் டாக்டர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். பத்து மாத்திரை உள்ள அட்டையில் இரண்டு, மூன்று என்று வெட்டிக் கொடுக்க அதுதான் ஆயுதம். தேதி அச்சடித்த முனையை மட்டும் கடைசிவரை வெட்டவே மாட்டார். "தேதி இல்லாத மாத்திரையும் வயசைச் சொல்லாத மனுஷனும் ஒண்ணு. ரெண்டையும் நம்ப முடியாது" என்பார்.

எங்கள் தெருவில் யாரும் நேரே டாக்டரிடம் போனதில்லை. டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி. அவர் ரத்தப் பரிசோதனை எழுதினால் இன்னும் இரண்டு நாள் கூலி. அதற்குப் பிறகுதான் மருந்து. அதனால் சளி, காய்ச்சல், மூட்டுவலி, மூலம் எதுவானாலும் முதலில் மாமாவிடம்தான்.

"மூணு நாளா காய்ச்சல்ணே. ரெண்டு மாத்திரை போதும்."

"இது அஞ்சு நாள் சாப்பிட வேண்டியதும்மா."

"ரெண்டு நாள்ல விட்டுடும்ணே. விடலன்னா மறுபடி வர்றேன்."

மாமா வெட்டிக் கொடுப்பார். ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை சாப்பிட்டார்கள். "நீங்க ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டா, கொதிப்பும் ஒருநாள் லீவு எடுத்துக்குமா?" என்று கேட்டுவிட்டு அவர்களுக்கும் வெட்டிக் கொடுப்பார். வேறு என்ன செய்ய முடியும்? கேட்டதைக் கொடுப்பது கடைக்காரன் வேலை.

அவரிடமிருந்து மூன்று கடை தள்ளி எனக்கு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறை இருக்கிறது. மத்தியானம் டீ குடிக்க என்னிடம் வருவார். ஒருநாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் செருப்புத் தைக்கிறவருக்குக் கால் விரலில் புண். சர்க்கரை வியாதிக்காரர். நான்கு மாதமாக மாமாவிடம் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு, "போனா முதல்ல பாக்கெட்டை வெட்டுவாங்க, அப்புறம்தான் காலை வெட்டுவாங்க. நீங்க களிம்பைக் குடுங்க டாக்டரே" என்று சிரித்திருக்கிறார். அன்று காலையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

"நான்தானே மாப்ள களிம்பு குடுத்தேன்."

"நீங்க குடுக்கலன்னா அடுத்த கடையில வாங்கியிருப்பார் மாமா."

"வாங்கியிருப்பார். ஆனா வாங்கினது எங்கிட்டல்ல?"

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கடைக்குப் போனார்.

அதற்கு அடுத்த வருடம் அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேஜை போட்டு, வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துப் படம் பிடித்தார்கள், கைரேகை வாங்கினார்கள், குடும்பத்துக்கு ஒரு நீல அட்டை கொடுத்தார்கள். டாக்டரைப் பார்க்க, பரிசோதனை செய்ய, ஆபரேஷன் செய்ய, மாதா மாதம் மருந்து வாங்க எல்லாவற்றுக்கும் அது செல்லும் என்றார்கள். ஒருவரும் நம்பவில்லை.

"தானமா குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதீங்க" என்றார் மாமா.

"மாடு எங்க டாக்டரே இருக்கு? கயிறுதானே குடுத்திருக்காங்க" என்றார் செருப்புத் தைக்கிறவர்.

மாமாவின் முதலாளிக்கு வேறு கவலை. மாத்திரை அட்டை, காப்பீட்டு அட்டை, ரத்தம் உறிஞ்சும் அட்டை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுப் புலம்பினார். "அந்த அட்டை வந்து நம்ம அட்டையை உறிஞ்சிடும் பாரு. இனிமே எவன் நம்மகிட்ட வருவான்?"

அவர் பயந்தது மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. முதல் மூன்று மாதம் அந்த அட்டையை யாரும் வெளியே எடுக்கவே இல்லை. பீரோவில், சாமான் பெட்டியில், கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டு, வழக்கம்போல் இரண்டு மாத்திரைக்கு வந்து நின்றார்கள். கேட்டால், "அவசரத்துக்கு வெச்சிருக்கேன்ணே. இப்பவே தீத்துட்டா?" என்றார்கள். வீட்டில் பணம் வைக்கும் பழக்கம்தான். எடுத்தால் குறையும் என்பதைத் தவிர வேறு எந்தக் கணக்கும் அவர்களுக்குத் தெரியாது.

இதை உடைத்தவர் ஒரு பஸ் டிரைவர். தனியார் பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடிந்ததும் கடைக்கு வந்து வாயுவுக்கு மாத்திரை வாங்குவார். முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு தினமும். அன்றைக்கு வந்து நின்றபோது நெற்றியில் வியர்வை.

"நெஞ்சுல எரியுது. எப்பவும் குடுக்கிறதைக் குடுங்க."

"எரிச்சல் எங்க வரைக்கும் போகுது?"

"தாடை வரைக்கும் இழுக்குது. மாடி ஏறினா ஜாஸ்தி. நின்னா விட்டுடுது. வாயுதான்."

மாமா கத்தரிக்கோலை எடுக்கவில்லை. "அந்த மாத்திரை இல்ல" என்றார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "அதோ, உங்களுக்குப் பின்னாடி பெட்டி பெட்டியா இருக்கே!"

"இருக்கு. உங்களுக்கு இல்ல."

இருபத்தேழு வருடத்தில் இருக்கும் சரக்கை இல்லை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. முக்காலியிலிருந்து முதலாளி திரும்பிப் பார்த்தார். டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்குகிறவனிடம் என்ன பேச்சு, நான் அடுத்த கடைக்குப் போகிறேன் என்று கத்தினார். மாமா மேஜைக்கு வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அட்டை எங்க?"

"எந்த அட்டை?"

"நீல அட்டைய்யா!"

டிரைவர் கொஞ்சம் வெட்கத்தோடு சட்டையின் உள்பையைத் தொட்டுக் காட்டினார். எங்கேயாவது விழுந்து கிடந்தால் ஆள் யாரென்று தெரியட்டுமே என்று ஒரு வாரமாகக் கூடவே வைத்திருந்தாராம். ஆக, அவருக்கும் உள்ளூரத் தெரிந்துதான் இருக்கிறது.

மாமா தெருவில் நின்றே குரல் கொடுத்தார். "மாப்ள! வண்டியை எடு!"

ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். அது வருவதற்குள் நாம் போய்விடலாம் என்றார். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். நான் ஓட்ட, டிரைவர் நடுவில், மாமா பின்னால் அவரை அணைத்துப் பிடித்தபடி. வழி முழுக்க டிரைவர், "பிரேக்கை இப்படியா பிடிக்கிறது? கொஞ்சம் இடப்பக்கம் போங்க" என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். அவ்வளவு வலியிலும் தொழில் விடவில்லை.

உள்ளே போனதும் ஏழாம் எண் ஜன்னலில் ஒரு பெண் அட்டையை வாங்கி இயந்திரத்தில் தேய்த்தாள். விரலை வைக்கச் சொன்னாள். ஈசிஜி எடுத்தார்கள். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இளம் டாக்டர் அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நெஞ்சுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அன்று மாலைக்குள் குழாய் வழியாகப் போய் அதைத் திறந்து, உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைக்க வேண்டும். காகிதத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள்.

"எவ்வளவு ஆகும்?" என்றார் டிரைவர்.

"அட்டையில போயிடும்" என்றாள் நர்ஸ்.

"சரி. எவ்வளவு ஆகும்?"

"அதான் சொல்றேனே, நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்."

"பின்னால கேப்பீங்களா? வீட்டுப் பத்திரம் எதுவும் கேட்டா எங்கிட்ட இல்ல, வாடகை வீடு."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "கையெழுத்துப் போடுங்கண்ணே. பேசப் பேச நெஞ்சுக்குத்தான் கெடுதல்."

மாலை ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது டிரைவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவருடைய மனைவி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார். மாமாவும் என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிட்டேம்மா" என்று பொய் சொன்னார்.

என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்கா தட்டு வைத்தாள். ஒரு வாய் சாப்பிடுவதும், ஒரு கதை சொல்வதுமாக இருந்தார். ஈசிஜி, கையெழுத்து, டிரைவர் நர்ஸிடம் சொன்ன வாடகை வீடு எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். "ஒரு சல்லிக்காசு கேக்கலடி! நாலு வருஷச் சம்பளத்தைக் கொட்டினாலும் நடக்காத வேலை. அட்டையை இழுத்தாங்க, விரலை வெச்சார், முடிஞ்சுது!"

அக்கா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு விட்ட இடைவெளியில் கேட்டாள்.

"அப்போ நானும் போகலாமா?"

"எங்க?"

"அந்த ஆஸ்பத்திரிக்கு."

அக்கா ஒரு ஓட்டலின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை. கொஞ்ச நாளாக முகம் வெளுத்திருந்தது எனக்கும் தெரியும். அசதி என்பாள். மாமா கடையிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார். அவளுக்கு மட்டும் வெட்டாமல் முழு அட்டையாக.

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டேன். ஆனாலும் காதில் விழுந்தது. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ரத்தப்போக்கு. சில நாள் வேலையிடத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு வரும், சுவரைப் பிடித்துக்கொள்வாளாம்.

"எத்தனை நாளா?" மாமாவின் குரல் மிகச் சின்னதாக வந்தது.

"நாள் இல்ல. நாலு வருஷம்."

"ஏன் சொல்லல?"

"சாப்பிடும்போது தெருக்கதை எல்லாம் சொல்வீங்களே. ஸ்கேனுக்காக அவங்க தையல் மெஷினை வித்தாங்க, ஆபரேஷனுக்காக இவங்க வளையலை வித்தாங்கன்னு. கேட்டுக்கிட்டேதானே இருந்தேன். விக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு? சொன்னா நீங்க கடன் வாங்குவீங்க. அதான்."

தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு மாமா சொன்னார். "ஊர்ல எல்லார் மூஞ்சியையும் பார்த்து வியாதி சொல்றேன் நான்."

"என் மூஞ்சியை எங்க பார்த்தீங்க? தட்டைத்தானே பார்ப்பீங்க" என்றாள் அக்கா. அதில் கோபம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமா சிரிக்கவில்லை. மீதிச் சோற்றை அவரால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலையில் ஏழாம் எண் ஜன்னலுக்கு முன்னால் முதல் ஆளாக நின்றது அவர்தான். பெண் டாக்டர் அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு ஆளையும் பார்த்தார். இருக்க வேண்டியதில் பாதி ரத்தம்தான் இருந்தது.

"இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா நின்னு வேலை பார்த்தீங்க?"

"பழகிடுச்சு டாக்டர்."

"இதெல்லாம் பழகக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. கெட்ட கட்டியாகத் தெரியவில்லை, ஆனாலும் எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதி என்றார்கள். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், அப்புறம் ஆபரேஷன். ஆனால் வரிசை நீளம். ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்த ஐந்து வாரமும் மாமா படாத பாடு பட்டார். கடையில் வருகிற ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்குள்ளும் இருக்கும் குறிப்புத் தாளைப் படித்துப் படித்து, இல்லாத ஆபத்தையெல்லாம் மனசில் ஏற்றிக்கொண்டார். "ஆயிரத்துல ஒருத்தருக்குன்னு போட்டிருக்கான் மாப்ள. அந்த ஒருத்தர் யாரு?" என்று என்னிடம் கேட்பார். அக்கா மட்டும் நிம்மதியாக இருந்தாள். தேதி குறித்தாகிவிட்டது, இனி அது டாக்டர் பாடு என்று சொல்லிவிட்டாள். ரத்தம் ஏற்றிய பிறகு அவள் கன்னத்தில் ஒரு நிறம் வந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் பார்த்த அக்கா மாதிரி இருந்தாள்.

ஆபரேஷன் அன்று நானும் மாமாவும் வெளியே காத்திருந்தோம். எதிர்ச் சுவரில் கை கழுவுவது எப்படி என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. அதை அவர் இருபது தடவையாவது படித்திருப்பார். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "நல்லா இருக்காங்க. கட்டியை எடுத்தாச்சு" என்றார்.

"என்ன மருந்து குடுத்தீங்க?" என்றார் மாமா.

டாக்டர் பொறுமையாக மூன்று மருந்தின் பெயரைச் சொன்னார். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், சரக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி. டாக்டர் போன பிறகு, பக்கத்தில் பெஞ்சு காலியாக இருந்தும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை என்று சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டியில் கெடுதல் ஒன்றும் இல்லை என்ற தாளும் அன்றைக்கே வந்தது. கூடவே ஒரு பில். அறை, மயக்க மருந்து, ரத்தம், ஊசி என்று வரிசையாகப் போட்டு, கூட்டி, கீழே நாங்கள் கட்ட வேண்டிய இடத்தில் பூஜ்யம். மேலே இருந்த தொகை மாமா, அக்கா இரண்டு பேருடைய இரண்டு வருடச் சம்பளம். மாமா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில். நான் பையோடு. யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம்.

கடைசியில் காவலாளி வந்தார். "என்ன சார், டிஸ்சார்ஜ் ஆயிடுச்சில்ல? ஏன் உக்காந்திருக்கீங்க?"

"பணம்..." என்றார் மாமா.

"யாருக்கு?"

மாமா யோசித்தார். யாருக்கு என்று அவருக்கும் தெரியவில்லை.

"வீட்டுக்குப் போங்க சார். அவங்களை ஏன் உக்கார வெச்சிருக்கீங்க?"

வாசலைத் தாண்டினதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

செலவே ஆகவில்லை என்று சொன்னால் அது பொய். வாடகை வண்டிக்குப் போனது, பழத்துக்குப் போனது. எல்லாவற்றையும்விட, அக்கா ஒன்றரை மாதம் வேலைக்குப் போகாததற்கு ஓட்டலில் சம்பளம் தரவில்லை. அதை எந்த அட்டையும் தரவில்லை. ஆனாலும் அவர்கள் எதையும் விற்கவில்லை, யாரிடமும் கை நீட்டவில்லை.

டிரைவர் கதையும் அக்கா கதையும் தெருவுக்குத் தெரிந்த பிறகு அட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் திருவிழாக் கூட்டம். தும்மினவரும் போனார், தும்மலாமா என்று யோசித்தவரும் போனார். டாக்டர்கள் திணறினார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடம் பார்த்துவிட்டு வந்தோம் என்று தெருக்காரர்கள் திட்டினார்கள். பல்லுக்கும் கண்ணாடிக்கும் அட்டை செல்லாது என்று தெரிந்ததும் இன்னும் திட்டினார்கள். திட்டிக்கொண்டே அடுத்த மாதமும் போனார்கள். செருப்புத் தைக்கிறவர் வாரம் ஒருமுறை போய்க் காலுக்கு மருந்து வைத்துக்கொள்கிறார். மீதி விரல்கள் பத்திரமாக இருக்கின்றன.

முதலாளியின் வியாபாரம் படுக்கவில்லை. வாயு மாத்திரையும் வலி மாத்திரையும் முன்புபோல் போகவில்லை, அது உண்மை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் டாக்டர் சீட்டோடு வந்து ஒரு மாதத்து மருந்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். பணம் காப்பீட்டிலிருந்து கடைக்கு வந்துவிடுகிறது. வரத்தான் இரண்டு மாதம் ஆகிறது என்று முதலாளி புலம்புகிறார். புலம்பலை நிறுத்தினால் அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று அர்த்தம்.

மாமாவுக்கு இப்போது வேலை வேறு மாதிரி. எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று அட்டையின் மேல் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறார். "டாக்டரே, இது எதுக்கு?" என்று யாராவது கேட்டால், "நான் டாக்டர் இல்லம்மா, அவங்க எழுதினதை எடுத்துக் குடுக்கிறவன்" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தலைச்சுமையை இறக்கி வைத்தவனுக்குக் கழுத்து லேசாகுமே, அப்படி இருக்கும்.

அக்கா மறுபடி ஓட்டலுக்குப் போகிறாள். அங்கே அவளோடு துணி மடிக்கிறவர்கள் பதினொரு பெண்கள். வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே ஒருத்தி மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அக்கா, எனக்கும் அப்படித்தான். மூணு வருஷமா" என்றாளாம். அடுத்த வாரம் இன்னொருத்தி. அவளுக்கு மார்பில் ஏதோ கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. தன் விடுமுறை நாளில் அக்கா இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒன்றுமில்லை, கொழுப்புக் கட்டிதான் என்று தெரிந்து அந்தப் பெண் அங்கேயே அழுதுவிட்டாளாம். போன ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அக்கா இல்லை. மாமா தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க மாமா அக்கா?"

"வேற எங்க? நாலு பேரைத் திரட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. எந்த ஜன்னல்ல எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும்னு அவளுக்கு அத்துப்படி. நான் ஏதாவது சொன்னா, உங்களுக்கு என்ன தெரியும்னு என்னையே கேக்கிறா" என்றார். கண்ணில் தண்ணீர், வெங்காயத்தால்தான். வாய் மட்டும் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.